மொட்டை மாடி ரூமில் பழைய டிஜிஎக்ஸ் ஸ்டேஷன் வைக்கலாமா? (வேலூர்)

சத்துவாச்சாரி_மாடி:
பெங்களூரில் ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட என்விடியா டிஜிஎக்ஸ் ஸ்டேஷன் (ஏஐ மாடல் பழக்குகிற கம்ப்யூட்டர்) ஒன்று சல்லிசாக வருகிறது. 2017 மாடல், நான்கு வி100 ஜிபியு கார்டு, தண்ணீர் கூலிங், மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தமிழ் ஓசிஆர் (படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கிற) மாடல் ஒன்றைப் பழக்கத்தான். மாடி ரூமில் ஏசி இல்லை, சிங்கிள் பேஸ் லைன். வாங்கலாமா?

காட்பாடிக்காரன்:
தம்பி, முழு லோடில் அது 1500 வாட் இழுக்கும், மணிக்கு ஒன்றரை யூனிட். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் ஆகிறது, அரசு தரும் இலவச யூனிட் எந்த மூலைக்கு? சரி, பணத்தை விடுங்கள். அந்த 1500 வாட்டும் சூடாக உங்கள் ரூமுக்குள்தான் இறங்கும். தண்ணீர் கூலிங் என்றால் சிப்பின் சூட்டை ரேடியேட்டர் வரை கொண்டுவந்து விடுவது, அவ்வளவுதான். கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிற ஊர் இது. ஒரு டன் ஏசி போட்டாலும் அதன் குளிர்ச்சியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மெஷினே தின்றுவிடும்.

நான் என்விடியாவின் 3090 ஜிபியு கார்டு இரண்டு வைத்திருக்கிறேன். போன மே மாதம் காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது, ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாற்றிப் பார்த்து நொந்துபோன பிறகு எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தார், 14 வோல்ட். எர்த் குழி காய்ந்து கிடந்திருக்கிறது! உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் அடங்கியது. இப்போது செடிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம்.

வாலாஜா_லினக்ஸ்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எனக்குப் பெரிய இடைஞ்சலாகத் தெரிவது சாஃப்ட்வேர்தான். என்விடியா கார்டுகளை ஓட்டும் கூடா சாஃப்ட்வேரின் 13-ஆம் வெர்ஷன், வி100-இன் தலைமுறையான வோல்ட்டாவைக் கைவிட்டுவிட்டது, பழைய வெர்ஷனிலேயே தொங்க வேண்டும். மாடல் பழக்க இப்போது பரவலாகப் பயன்படும் பிஎஃப்16 எண் வடிவமும் அதில் கிடையாது. கூலிங் பம்ப் போனால் ஸ்பேருக்குச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்தாலும் கிடைப்பது சந்தேகம். 2025-இல் வந்த என்விடியாவின் சின்ன மெஷின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க் 240 வாட் அடாப்டரில் ஓடுகிறது, மெமரி 128 ஜிபி. வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மெமரி பேண்ட்விட்த் (மெமரியிலிருந்து டேட்டா வரும் வேகம்) நொடிக்கு 273 ஜிபிதான், வி100-இல் ஒரு கார்டுக்கே 900. ஓசிஆர் மாடலுக்கு அண்ணனிடம் இருப்பது போல ஒரே ஒரு 3090 போதும், பழக்கும் வாரத்துக்கு மட்டும் கிளவுடில் பெரிய ஜிபியு வாடகைக்கு எடுங்கள்.

சத்துவாச்சாரி_மாடி:
நன்றி அண்ணா. டிஜிஎக்ஸ் ஸ்டேஷன் 40 கிலோ என்றதும் அப்பா மாடிப்படியைக் காட்டி "யார் தூக்குவது?" என்று கேட்டுவிட்டார். 3090 பார்க்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.