பாபநாசத்துக்கு யார் யார் வருகிறீர்கள்?

குழு: அம்பை வீட்டுப் பெண்கள்

வள்ளி: வெள்ளிக்கிழமை பாபநாசத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. தலை எண்ணிச் சொல்லுங்கள்.

கோமதி: என்னை விட்டுவிடு வள்ளி. வீட்டுக்குத் தூரம்.

வள்ளி: போன வாரமும் அதைத்தானே சொன்னீர்கள் மதினி?

கோமதி: அதேதான் இன்னும் நிற்கவில்லை. இன்றோடு 11 நாள்.

இசக்கியம்மாள்: உனக்கு 46 ஆகிறதே கோமதி, நிற்கப்போகிற காலத்தில் கொட்டித்தான் நிற்கும். எல்லாம் சூடு. உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுச் சாப்பிடு.

செல்வி: ஆஸ்பத்திரியில் இப்போதுதான் டியூட்டி முடிந்தது. பெரியம்மா, களியில் எனக்கும் ஓர் உருண்டை எடுத்து வையுங்கள். மதினி, ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறீர்கள்?

கோமதி: குழுவில் போய் இதையெல்லாமா கேட்பாய்?

செல்வி: இங்கே ஆண்கள் யாரும் இல்லை. சொல்லுங்கள்.

கோமதி: எட்டு, ஒன்பது. இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறேன். கட்டி கட்டியாகவும் போகிறது.

செல்வி: ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாகவா?

கோமதி: சில நேரம் நெல்லிக்காய் அளவு. ஆயிரம் பீடி சுற்றுகிறவள், இப்போது அறுநூறிலேயே சுளகை இறக்கி வைத்துவிடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

வள்ளி: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதினி போகும்போதும் வரும்போதும் அரிசிப் பானையில் கை விடுகிறார். பச்சரிசியை வாயில் அடக்கிக்கொண்டுதான் பீடியே சுற்றுகிறார் 😄

செல்வி: சிரிக்காதே அக்கா. இரும்புச்சத்து குறைந்தால் அரிசி, திருநீறு, சாக்பீஸ் என்று நாக்கு தேடும். மதினி, நிற்கப்போகிற வயதில் நாள் தள்ளிப்போகும், முன்னால் வரும், அது சரி. ஏழு நாளைத் தாண்டி இப்படிக் கொட்டுவதை வயது என்று விட முடியாது. கருப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். கட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிதான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அவசியம். ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. இன்றிரவே மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, தலை சுற்றினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், என்னை எழுப்புங்கள்.

வள்ளி: என் மகளுக்கு 40 நாளாகியும் வரவில்லையே, அவளையும் காட்ட வேண்டுமா?

செல்வி: வயதுக்கு வந்து ஒரு வருடம்தானே ஆகிறது? முதல் இரண்டு மூன்று வருடம் 45 நாள் வரை போகலாம். 90 நாளைத் தாண்டினால் காட்டு. ஒவ்வொரு முறையும் முதல் நாளை மட்டும் காலண்டரில் வட்டம் போடச் சொல்.

கோமதி: நாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பீடி இலையை ஊறப்போட்டுவிட்டேனே என்றுதான் பார்க்கிறேன்.

வள்ளி: இலையை நான் வெட்டி வைக்கிறேன்.

(இரவு 10.40)

இசக்கியம்மாள்: செல்வி, தூங்கிவிட்டாயா?

செல்வி: இல்லை பெரியம்மா.

இசக்கியம்மாள்: எனக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. தை மாதத்திலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு படுகிறது. சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி: பெரியம்மா, ஒரு வருடம் முழுக்க வராமல் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். மதினியை விட முதலில் நீங்கள்தான் வர வேண்டும்.

இசக்கியம்மாள்: வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமே?

செல்வி: முடியாது. நாளை காலை 7 மணி பஸ்.

கோமதி: அத்தை, நான் முதலில் ஏறி இடம் பிடித்து வைக்கிறேன். ஜன்னல் பக்கம் உங்களுக்கு.