ஜெர்மன் குடும்பத்துடன் தங்கும் மாணவர் பரிமாற்றம்: ஆங்கிலத்திலேயே பேசித் திரும்பிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பதினாறு வயது. ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை, அதாவது தொடக்கக் கட்டத்தின் இரண்டாம் படித் தேர்வில் தேறியிருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கும் ஸ்டுட்கார்ட் அருகிலுள்ள ஒரு பள்ளிக்கும் இடையே மாணவர் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. அதன்படி ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சென்று, தன் வயதொத்த ஒரு மாணவியின் வீட்டில் தங்கி, அவளுடனேயே வகுப்புகளுக்கும் செல்லவிருக்கிறாள். அந்த மாணவி பின்னர் எங்கள் வீட்டுக்கு வருவாள். அக்குடும்பத்தார் இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் பிழையற்ற ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்க்கும்போது, இவள் அங்கேயும் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிடுவாளோ என்ற ஐயம் எழுகிறது. இதைத் தவிர்க்க வழி உண்டா? மேலும், நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். அதை அவர்கள் மனம் கோணாதபடி எப்படித் தெரிவிப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: மொழியாசிரியர்

வணக்கம். தங்கள் ஐயம் நியாயமானதே. மாணவர் குழுக்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பரிமாற்றத்தில் மொழி வளர்வதும் வளராமல் போவதும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்களில் முடிவாகிவிடுகிறது. ஒரு வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழகிவிட்டால், பிறகு ஜெர்மனுக்கு மாறுவது இரு தரப்புக்குமே கூச்சமாக இருக்கும். எனவே அடுத்த மின்னஞ்சலைத் தங்கள் மகளே ஜெர்மனில் எழுதட்டும். பிழைகள் இருந்தால் இருக்கட்டும். ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்திப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டாம். அவளுடைய உண்மையான நிலையைக் கண்டால்தான் அவர்கள் அதற்கேற்ற வேகத்தில் பேசுவார்கள். உணவு மேசையில் ஜெர்மன் மட்டும், உடல்நலம், பயணம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு ஆங்கிலம் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வீட்டு மாணவிக்கும் ஆங்கிலம் பழகும் ஆசை இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நாளின் ஒரு பகுதி இந்த மொழி, மறு பகுதி அந்த மொழி என்று பிரித்துக்கொள்ளும் முறை ஐரோப்பியப் பரிமாற்றங்களில் நெடுநாளாகப் பழக்கத்தில் இருப்பதுதான். 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் எலிசே ஒப்பந்தம் என்னும் நட்புறவு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டு, அதே ஆண்டில் இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே ஒரு பொது அமைப்பை நிறுவின. தலைமுறை தலைமுறையாக விருந்தாளிப் பிள்ளைகளை வைத்துப் பழகிய நாடு ஜெர்மனி. இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

வீட்டில் சிறு தம்பி தங்கையோ தாத்தா பாட்டியோ இருந்தால் அது பெரும் பேறு. ஆறு வயதுக் குழந்தை ஆங்கிலத்துக்குத் தாவாது. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்லும், அவ்வளவுதான். பெரியவர்களின் பேச்சில் அப்பகுதிக்குரிய சுவாபிய வட்டார வழக்கு கலந்திருக்கலாம். பாடநூலில் படித்த ஜெர்மன்தானா இது என்று அவள் திகைக்க நேர்ந்தால், பொதுமொழியில் மெதுவாகச் சொல்லும்படி கேட்கலாம்.

மறுமொழி 2: முன்னாள் பரிமாற்ற மாணவி

வணக்கம் அம்மா. ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி வற்புறுத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். அங்கே ஒரு முறை வேண்டாம் என்றால், அந்தத் தட்டு அடுத்தவரிடம் போய்விடும். அது அன்பின்மை அன்று. சொன்ன சொல்லை மதிப்பதாகவே அவர்கள் அதைக் கருதுகிறார்கள். ஆகவே பசித்தால் பசிக்கிறது என்றும், குளிர்ந்தால் இன்னொரு போர்வை வேண்டும் என்றும் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பதே பேச்சுப் பயிற்சியும் ஆகிறது.

கடைக்குச் செல்லும் வேலைகளைத் தானாக முன்வந்து ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர், குளிர்பானம் விற்கும் ஒரு முறைப் பயன்பாட்டு நெகிழிப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. காலிப் புட்டிகளைப் பையில் நிரப்பிக்கொண்டு பல்பொருள் அங்காடிக்குப் போய், இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாகச் செருகி, அது தரும் சீட்டைக் காசாளரிடம் கொடுத்து அந்தத் தொகையைத் திரும்பப் பெற வேண்டும். இயந்திரம் ஒரு புட்டியைத் துப்பிவிட்டால் கடை ஊழியரிடம் காரணம் கேட்டே ஆக வேண்டும். அங்கே கிடைக்கும் உரையாடல் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் இதைச் சனிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.

மறுமொழி 3: நெக்கர் கரை

சகோதரிக்கு வணக்கம். ஸ்டுட்கார்ட் பகுதியில் வசிக்கிறோம். பிற நாட்டு மாணவர்களை எங்கள் வீட்டிலும் தங்கவைத்திருக்கிறோம். உணவைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஆனால் சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. இங்கே சைவர்கள் பொதுவாக முட்டை உண்பார்கள். எனவே முட்டை, மீன், இறைச்சிச் சாறு, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் என்று பெயர் சொல்லி விலக்குங்கள். இந்தப் பகுதியின் பெருமையான ஷ்பெட்ஸ்லே மாவுணவிலேயே முட்டை உண்டு. குழந்தைகள் தின்னும் பல ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டின் உண்டு. மாலையில் பல வீடுகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி என்று சமைக்காத உணவே மேசைக்கு வரும் என்பதால் அவள் பட்டினி கிடக்க மாட்டாள். எதை உண்ண மாட்டாள் என்பதோடு எதை விரும்பி உண்பாள் என்பதையும் எழுதினால் வீட்டாருக்குப் பேருதவியாக இருக்கும்.

பதினாறு வயதில் பியரும் வைனும் அருந்த இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. தங்கள் விருப்பம் வேறாக இருந்தால் அதை முன்பே தெரிவித்துவிடுங்கள். அவளே தனியாக நின்று மறுக்கும் நிலையை ஏற்படுத்த வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது. அடுக்குமாடி வீடாக இருந்தால் படிக்கட்டைப் பெருக்கும் முறைவாரம் சுற்றில் வரும். அந்த வாரம் துடைப்பத்தை அவளும் கையில் எடுத்தால் அண்டை வீட்டாருடன் பேச்சும் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பொறுத்தருள்க. ஜூலையில் இந்திய நேரம் இங்குள்ளதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியிருக்கும். இங்கே ஏழு மணிக்குக் குடும்பம் உணவுக்கு அமரும்போது உங்களுக்கு இரவு பத்தரை. உறங்கப்போகும் முன் மகளிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று தோன்றும் நேரம். அந்த அழைப்புதான் மேசையிலிருந்து பிள்ளையை எழுப்பி அறைக்குள் அனுப்பிவிடுகிறது. நாள்தோறும் அழைப்பதைத் தவிர்த்து, வாரத்துக்கு இரு முறை, அதுவும் அவள் பள்ளியிலிருந்து திரும்பியதும் பேசுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4: நிலாமுற்றம்

மூவருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சலை அவளே எழுதத் தொடங்கிவிட்டாள். அழைப்பு நேரத்தைப் பற்றிச் சொன்னது எனக்கும் என் கணவருக்கும் உறைத்தது. இன்னும் ஓர் ஐயம்: தங்கும் செலவுக்காக அக்குடும்பத்துக்கு ஏதேனும் தொகை கொடுப்பது முறையா?

மறுமொழி 5: மொழியாசிரியர்

பள்ளிகளுக்கிடையிலான பரிமாற்றத்தில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. பின்னர் அவர்கள் மகளை நீங்கள் ஏற்றுக்கொள்வதே அதற்கு ஈடு. வணிக முறையில் நடத்தப்படும் மொழிப் பயணங்களில்தான் குடும்பங்களுக்குத் தொகை வழங்கப்படுகிறது. சிறிய அன்பளிப்பு ஒன்றை எடுத்துச் சென்றால் போதும். விலை உயர்ந்ததாக வேண்டாம். அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.