லேப்பில் எப்போதும் நானேதான் குறிப்பு எழுதணுமா?

பட்டர்வொர்த்_பிள்ளை:
பினாங்கில் இயற்பியல் மூன்றாம் வருடம். வகுப்பில் பெண்கள்தான் அதிகம், அதனால் இப்படி ஒரு பிரச்சனை என்றால் வீட்டில்கூட நம்ப மாட்டார்கள். ஆனால் லேப்பில் குழு பிரித்ததும் மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் பையன் கைக்குப் போகும், நோட்டு என் கைக்கு வரும், "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்று ஒரு சமாதானம் வேறு. அப்புறம் கடைசி வருட ப்ராஜெக்ட் தலைப்புகளை பையன்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் புரோஃபுடன் (பேராசிரியர்) தே தாரிக் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்துவிடுகிறார்கள். லேசர் ப்ராஜெக்ட் கேட்டேன், "தியரி எடும்மா, உனக்குச் சுலபம்" என்றார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ஃபெர்ரி_பிரியன்:
யாரும் உங்களைத் தடுக்கவில்லையே? மாமாக் கடைக்கு நீங்களும் போகலாமே, சிஸ்டர்.

பங்சார்_அக்கா:
தம்பி, பதினோரு மணிக்குத் தனியாக கிராப் டாக்சி பிடித்துப் போனால் வீட்டில் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்குத் தெரியாது, விடுங்கள்.
தங்கச்சி, பெரிதுபடுத்தவில்லை. வானியலாளர் ஜோஸலின் பெல் பர்னல் கிளாஸ்கோவில் படித்தபோது அவர் வகுப்புக்குள் நுழைந்தாலே பையன்கள் காலைத் தட்டி விசிலடிப்பார்களாம். 1967-ல் பல்சர் என்கிற, சீராகத் துடிக்கும் விண்மீனின் சிக்னலை முதலில் கவனித்தவர் அவர், 1974 நோபல் போனது அவருடைய வழிகாட்டிக்கு. அங்கே விசில் காதில் விழுந்தது, புகார் சொல்ல ஒரு பொருள் இருந்தது. உனக்கு நடப்பது பாராட்டு மாதிரி வருகிறது, அதுதான் சிக்கல். நான் கோலாலம்பூரில் படித்தபோது மூன்று வருடம் அழகாக எழுதிக்கொடுத்துவிட்டு, முதல் வேலையில் ஒரு வேக்குவம் பம்ப்பைத் தொடப் பயந்து நின்றேன்.
இப்படிச் செய். ஒவ்வொரு லேப்புக்கும் கருவி யார், குறிப்பு யார் என்று நோட்டின் மேலே பெயர் எழுதி, வாராவாரம் மாற்று. புரோஃபுக்கு மின்னஞ்சல் போட்டுப் பகலில் நேரம் கேள். தியரி சுலபம் என்றால், இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு 2018-ல் நோபல் வாங்கித் தந்தது முனைவர் பட்ட மாணவியாக லேசர் லேப்பில் அவர் செய்த வேலைதான் என்று சொல்லு. 1985-ல் வந்த கட்டுரை அது.

பட்டர்வொர்த்_பிள்ளை:
அக்கா, செவ்வாய்க்கிழமை மாற்றிப் பார்த்தோம். திருகு என் கையில், நோட்டு அவன் கையில். அவன் எழுதிய வோல்டேஜ் அவனுக்கே புரியவில்லை, மறுபடி முழுசாக அளந்தோம். புரோஃபிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.