உறைக்கு வெளியிலா, வடத்துக்கு உள்ளேயா: முதுகுத்தண்டு லிம்ஃபோமாவுக்கு (நிணநீர்ப் புற்றுக்கு) ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நோயாளிக் கையேட்டு வரைவில் உள்ள ஒரு வரி: “முதல்நிலை முதுகுத்தண்டு எபிடியூரல் லிம்ஃபோமா, வகை: பரவிய பெரிய பி செல்.” ஒரே வரியில் மூன்று சிக்கல். “முதல்நிலை” என்றால் தொடக்கக் கட்டம் என்று படிப்பவர் நிம்மதி அடைவார். அடுத்த சொல்லே “பரவிய”. உடம்பெல்லாம் போய்விட்டது என்று பதறுவார். நடுவில் எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே என்று பொருள்), பிரசவ ஊசியை நினைவூட்டும். “முதுகுத்தண்டு நிணநீர்ப் புற்று” என்று சுருக்கிவிடலாமா?

— கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

*

சுருக்கக் கூடாது. முதுகுத்தண்டு என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று இடங்கள் அடங்கிவிடுகின்றன: எலும்பு, எலும்புக்கும் தண்டுவடத்தின் தடித்த உறைக்கும் இடையிலுள்ள கொழுப்பு நிறைந்த இடுக்கு, தண்டுவடம். புற்று எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மருந்தே மாறும்.

உறைக்கு வெளியே இருந்தால் வழக்கமான ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டு. 21 நாளுக்கு ஒரு சுற்று, பெரும்பாலும் 6 சுற்று. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ரிட்டுக்ஸிமாப் 375 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 750 மி.கி., டாக்ஸோரூபிசின் 50 மி.கி., வின்கிறிஸ்டின் 1.4 மி.கி. (மொத்தம் 2 மி.கி.க்கு மேல் போவதில்லை), கூடவே 5 நாளுக்குத் தினம் 100 மி.கி. பிரெட்னிசோலோன். பின்னர் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு சேர்ப்பதும் உண்டு. தண்டுவடத்துக்குள்ளேயே இருந்தால் இந்த மருந்துகளில் பெரும்பாலானவை குருதி-மூளைத் தடுப்பை (இரத்தத்தில் உள்ளவை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எளிதில் போகாமல் தடுக்கும் அரண்) தாண்டிப் போதிய அளவு உள்ளே போகா. அங்கே வேண்டியது அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட்: சதுர மீட்டருக்கு 3 கிராமும் அதற்கு மேலும். சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்து, 24 மணி நேரம் கழித்து அதன் நச்சை முறிக்கும் லூக்கோவோரின் தொடங்கி, இரத்தத்தில் மருந்தளவு இறங்கும்வரை தினமும் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை விழுங்கும் சொல் கலைச்சொல் ஆகாது.

எபிடியூரலுக்கு என் முன்மொழிவு: “உறைமேல்”.

— புற்றுநோய் மருந்தியல் பக்கத்திலிருந்து

*

டாக்டர், “உறைமேல்” வேண்டாம். இந்தப் புற்று மிகுதியாக வருவது நெஞ்சுப்பகுதி முள்ளெலும்புகளை ஒட்டி. “மேல்” என்றதும் மேல்முதுகு என்று கொள்வார்கள். இடுப்புப் பகுதியில் வந்தவருக்கு எழுதும்போது உளறலாகிவிடும். “உறைவெளி” அழகான சொல்தான், வெளிப்பக்கம், இடைவெளி என்று இரு பொருளும் தரும். ஆனால் உறைக்கு உள்ளே தண்டுவட நீர் நிற்கும் இடமும் ஒரு வெளிதானே? ஆகவே “உறைப்புறம்”. இதற்கு எதிராக “உறையுள்” என்று போட்டால் உணவு, உடை, உறையுள் என்று வீடு கட்டிக்கொள்வோம். “உறையகம்” என்க. தண்டுவடத் திசுவுக்குள் என்றால் “வடத்துள்”.

மகப்பேற்று அறையிலும் இதே குழப்பம்தான். ஸ்பைனல், எபிடியூரல் இரண்டும் மக்கள் வாயில் “முதுகு ஊசி”. முன்னது உறையைத் துளைத்து உள்ளே போகிறது, பின்னது உறைக்கு வெளியே நிற்கிறது. உறையக ஊசி, உறைப்புற ஊசி என்றால் அங்கேயும் பயன்படும்.

— சொல்லாய்வில் ஆர்வமுள்ள மயக்கவியலாளர்

*

“பரவிய” என்பதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் உடம்பைப் பற்றியதே அல்ல. நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்கள் உருண்டை உருண்டையாகக் கூடாமல் ஒரே விரிப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். “விரவிய பெரும் பி செல் வகை” சரியாக இருக்கும்.

கையேடு மருத்துவமனைக்குள்ளும் போகும் என்பதால் திசு எடுப்பதைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். லிம்ஃபோமா செல்கள் மிக மென்மையானவை. இடுக்கியால் அழுத்தி இழுத்தால் நசுங்கி நீல நூலாக இழுபட்டுவிடும். அதை வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது. உலர்ந்த பஞ்சுத்துணியில் வைத்தாலும் கெடும். ஒரு பகுதி ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் நீர்மம்), இன்னொரு பகுதி ஃபார்மலின் படாமல் உப்புநீரில் உடனே வர வேண்டும். செல் ஓட்ட அளவி (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஆராயும் கருவி) ஃபார்மலினில் ஊறியதை ஏற்காது. வகையை அறிய உதவும் சிடி20, சிடி10, பிசிஎல்6, மம்1, கேஐ-67 சாயங்கள் முதல் பகுதியில்.

இன்னொன்று, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் கொடுத்த சில நாளில் கட்டி கரைந்து, எடுத்த திசுவில் செத்த செல்லும் அழற்சியும் மட்டுமே மிஞ்சலாம். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால், சிறுநீர் அடைத்தால், மருந்தை நிறுத்திவைக்க வழியில்லை. திசுவை விரைந்து எடுப்பதுதான் வழி. வலி மட்டும் என்றால் திசு எடுத்தபின் தொடங்கலாம்.

— நோய்க்கூறியல்

*

அறுவைப் பக்கத்திலிருந்து சிறு சேர்க்கை. நம்மூரில் முதுகுவலியும் கால் பலவீனமும் வந்தால் முதலில் காசநோயை நினைப்பது நியாயமே. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் காசநோய் பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் அதை ஒட்டிய எலும்பையும் அரித்திருக்கும். லிம்ஃபோமா வட்டை விட்டுவைத்து, பல முள்ளெலும்பு நீளத்துக்கு உறையை ஒட்டிச் சட்டைபோலப் படரும். நரம்புத் துளை வழியே வெளியேயும் எட்டிப் பார்க்கும். காசநோய் மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்து வலி குறைந்தால் காசநோய் என்றே உறுதியாகிவிட்டதாக எண்ணுவதில்தான் வாரங்கள் வீணாகின்றன. அறுவையின் நோக்கம் நசுக்கத்தை விடுவிப்பதும் திசு எடுப்பதும். கட்டி முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, மருந்துக்குக் கரையும்.

*

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தண்டுவடத்துக்கு “முண்ணாண்”, முதுகெலும்புக்கு “முள்ளந்தண்டு”. “வடத்துள்” என்றால் இங்கே புரியாது. அடைப்புக்குறியில் முண்ணாண் போடுங்கள்.

“நிணப்புற்று” என்ற சுருக்கம் எங்கோ வந்திருந்தது, அதுவும் வேண்டாம். பழந்தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. உறைப்புறத்தில் கொழுப்பும் உண்டு; கொழுப்புப் புற்று என்றே கொள்வார்கள்!

*

ஒப்புக்கொள்கிறேன், “நிணநீர்ப் புற்று” நிலைக்கட்டும். அங்கேயே தோன்றியது என்ற பொருளில் வரும் “முதல்நிலை”க்கு “மூல” போடலாமென்றால் மூலநோய் குறுக்கே வருகிறது. “தோன்றிடம்” பொருந்துகிறது. அச்சுக்குப் போகும் வரி:

“உறைப்புற நிணநீர்ப் புற்று. தோன்றிடம்: முதுகுத்தண்டு, தண்டுவட (முண்ணாண்) உறைக்கு வெளியே. வகை: விரவிய பெரும் பி செல்.” கட்டம் தனி வரியில், எண்ணோடு.

— மொழிபெயர்ப்பாளர்

*

வரி நன்று. “உறையக ஊசி” என்பதைக் கையேட்டில் சேர்த்தால் பக்கத்திலேயே தடித்த எழுத்தில்: வின்கிறிஸ்டின் நரம்பில் மட்டும். உறையகத்தில் போனால் உயிர் போகும். அதை ஊசிக்குழலில் எடுக்காமல் சிறு பையில் கலந்து சிரை வழியே ஏற்றுவதே இந்தத் தவறுக்குத் தடை. மேலும் “நரம்பில்” என்பதை நானே தவறாக எழுதிவிட்டேன். தண்டுவடம் பற்றிய கையேட்டில் அது நரம்பியல் நரம்பாகிவிடும். “சிரையில் மட்டும்” என்று திருத்திக்கொள்ளுங்கள்.

— மருந்தியல்