ஒரு நோயாளி சராசரியாக 0.8 பேருக்குத்தான் பரப்புவார் என்றால் தொற்று அணைய வேண்டும்தானே, ஏன் பரவுகிறது?

கணக்குவாத்தியார்:
பிளஸ் டூ கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். பேரனிடம் பைத்தான் என்ற கணினி மொழி கற்றுக்கொண்டு, தொற்று எப்படிப் பரவும் என்று பார்க்கக் கணினியில் ஒரு சந்தை ஊர் கட்டினேன். 1000 பேர். 900 பேருக்கு ஆளுக்கு 2 தொடர்பு, 100 கடைக்காரர்களுக்கு ஆளுக்கு 22. யாருக்கு யார் என்பது குலுக்கல். சராசரி 4. ஒரு தொடர்பு வழியே தொற்று தாவும் நிகழ்தகவு 0.2. பெருக்கினால் 0.8. ஒருவர் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகத்தான் பரப்புகிறார், தானாக அணைய வேண்டும். ஆனால் 100 தடவை ஓட்டினால் எழுபது தடவைபோல ஓரிருவரோடு முடிகிறது, மீதித் தடவைகளில் 280 பேர்வரை பிடித்துக்கொள்கிறது. நடுவில் நிற்பது அபூர்வம். இரண்டு ராத்திரி நிரலைத் துருவிவிட்டேன், பிழை அகப்படவில்லை.

முனைவேட்டை:
நிரல் சரி சார், அந்த 4தான் தப்பு. தொற்று ஆளைக் குலுக்கிப் பொறுக்குவதில்லை, தொடர்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒரு தொடர்புக்கு இரண்டு முனை, ஆளுக்கு ஒன்று; மொத்தம் 4000 முனைகள். அதில் 2200 கடைக்காரர்களுடையவை. ஏதோ ஒரு தொடர்பைப் பிடித்துப் போனால் நூற்றுக்கு 55 தடவை கல்லாவில்தான் போய் நிற்பீர்கள். வந்த வழி போக அங்கே 21 வழி, மற்றவரிடம் 1. சராசரி 12. அதை 0.2-ஆல் பெருக்குங்கள்: 2.4, ஒன்றுக்கு மேலே. தொற்று பரவுவதற்குக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927-இல் எழுதிய சமன்பாட்டில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே மாதிரி கலக்கிறார்கள். பம்பாய் பிளேக் கணக்கை அதில் பொருத்திப் பார்த்தார்கள், ஓரளவு பொருந்தவும் செய்தது. உங்கள் சந்தைக்கு அது ஆகாது.

தடமறிவான்:
அந்த எழுபதும் பிழையில்லை. 2020-இல் தமிழ்நாடு, ஆந்திராவில் 84,965 கொரோனா நோயாளிகளின் 5,75,071 தொடர்புகளைத் தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தொடர்புகளின் பரிசோதனை முடிவு கிடைத்த நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் யாருக்கும் பரப்பியதாகத் தெரியவில்லை. அப்புறம், அந்த 280 பேர் யார் யார் என்று பிரித்துப் பாருங்களேன்.

கணக்குவாத்தியார்:
பார்த்தேன் தம்பி. நேற்றைய ஓட்டம் ஒன்றில் கடைக்காரர் நூறு பேரில் 91, மற்ற 900 பேரில் 188. முப்பது வருஷம் பையன்களிடம் சராசரியை நம்பாதே என்று சொன்னவன் நான்! சரி, கடைக்காரர் யாரென்றே தெரியாத ஊரில் தடுப்பூசி யாருக்குப் போடுவது?

முனைவேட்டை:
கோஹன், ஹாவ்லின், பென்-ஆப்ரஹாம் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் சொன்ன வழி: குலுக்கலில் ஒருவரைப் பிடித்து, "உனக்குப் பழக்கமான ஒருவரைக் காட்டு" என்று கேளுங்கள். ஊசி காட்டப்பட்டவருக்கு. யாரிடமும் முழுப் பட்டியல் வேண்டாம்.

கணக்குவாத்தியார்:
ஓட்டிவிட்டேன். 100 பேரைக் கேட்டதில் ஒரே ஆளையே இருவர் காட்டியது போக 86 ஊசி. அதில் 42 கடைக்காரருக்கு. 2.4 என்பது 1.43 ஆகிறது. குலுக்கலில் 100 ஊசி போட்டும் 2.16-க்குக் கீழே இறங்கவில்லை. ஒன்றுக்குக் கீழே வர 170 பேரையாவது கேட்க வேண்டும்போல. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓட்டுகிறேன்.