கடைக் கொம்பியூட்டரில் அடுத்தவர் அடையாள அட்டைகள் தேங்கிக் கிடக்கின்றன, என்ன செய்யலாம்?

ஹட்டன் கடை:
ஹட்டன் டவுனில் சின்னதாகக் கொமியூனிகேஷன் நடத்துகிறேன். இரண்டு கொம்பியூட்டர், வேலைக்கு ஒரு தங்கச்சி. தோட்டத்து ஆட்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் படிவம் எல்லாம் கடை வட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரின்ட் எடுப்பார்கள். போன சனிக்கிழமை ஒரு பையன் மெயில் பார்க்க உட்கார்ந்தான். திறந்தால் காலையில் வந்த ஓர் அம்மாவின் மகளுடைய மெயில்! குவைத்துக்குப் போகிற பிள்ளை, கடவுச்சீட்டுப் படம் மேலேயே கிடந்தது. நல்ல பையன், உடனே கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் டவுன்லோட்ஸைப் பார்த்தேன், இரண்டு வருடப் படங்கள் அப்படியே இருந்தன. நம்பித்தானே கொடுத்தார்கள், ராத்திரி தூக்கமே வரவில்லை. செலவில்லாமல் எப்படிச் சரிசெய்வது? பென் டிரைவ் போட்டால் ஃபோல்டர்கள் ஷோர்ட்கட்டாக மாறுகிற தொல்லையும் இருக்கிறது.

பண்டாரவளை:
அண்ணே, எனக்கும் இதே தொழில்தான். வருகிறவர்களுக்குக் குரோமில் கெஸ்ட் மோடைத் திறந்து கொடுங்கள். அந்த விண்டோவை மூடினால் லொகின், ஹிஸ்டரி எல்லாம் போய்விடும். ஆனால் டவுன்லோட் ஆன ஃபைல் போகாது, நான் ஏமாந்தது இங்கேதான். உங்கள் சொந்த ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் சென்ஸை, அதாவது பழைய ஃபைல்களைத் தானாக அழிக்கிற வசதியை, தினமும் ஓட வையுங்கள். டவுன்லோட்ஸுக்கு 'நெவர்' என்றிருக்கும், அதை 1 நாள் ஆக்குங்கள். ரீசைக்கிள் பின்னுக்கும் அப்படியே. வட்ஸ்அப்பில் புதிய சாட்டுகள் 24 மணி நேரத்தில் மறைகிற மாதிரி வைக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

நாவலப்பிட்டி:
பென் டிரைவில் அந்த ஷோர்ட்கட்டை மட்டும் தட்டாதீர்கள், தட்டினால்தான் வைரஸ் ஓடும். உண்மையான ஃபைல்கள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். கொம்பியூட்டருக்கு, விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஓஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். விண்டோஸ் 10 என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் பாருங்கள்.
ஒன்று கேட்கிறேன், கடையில் பாஸ்வேட் எழுதி வைக்கிற கொப்பி இருக்கிறதா?

ஹட்டன் கடை:
இருக்கிறது. மறந்துவிடுகிறார்கள் என்று தங்கச்சி ஒரு சீஆர் கொப்பியில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறாள், மேசை மேலேயே கிடக்கும்.

நாவலப்பிட்டி:
முதலில் அதை எடுங்கள் அண்ணே. உரியவர் வரும்போது பாஸ்வேட்டை அவரையே மாற்றச் சொல்லி, துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். பழைய பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

ஹட்டன் கடை:
டவுன்லோட்ஸ் காலி, கெஸ்ட் மோடும் போட்டாயிற்று. கொப்பி இப்போது பூட்டிய லாச்சிக்குள். இன்று அந்த அம்மா மகளோடு வந்தார். மகள் புது பாஸ்வேட் போட்டாள். துண்டை அம்மா நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் 40 பேர் வர வேண்டும்.