நங்கூரத்தில் நின்றபடி ரிப்பேர்: பக்கத்துப் படகுக்காரர் கை கொடுத்த அனுபவங்கள்

உப்புக்காற்று:

இஞ்சின் சூடாகி அலாரம் அலறியது, எக்ஸாஸ்டில் தண்ணீர் வரவில்லை. என்ன கோளாறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பம்ப் கவரைக் கழற்றினால் இம்பெல்லரின் (கடல் தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர் சக்கரம்) ஆறு இறக்கைகளில் மூன்றைக் காணோம்.

பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த பெரியவர் நான் கூப்பிடாமலே டிங்கியில் (சின்னத் துணைப்படகு) வந்துவிட்டார். புது இம்பெல்லர் கையில் இருக்கிறது, மாட்டினால் முடிந்தது என்பது என் கணக்கு. அவர் விடவில்லை. "மூணு துண்டும் எங்க தம்பி?" ஹீட் எக்ஸ்சேஞ்சரை (அந்தத் தண்ணீர் இஞ்சின் சூட்டை வாங்கும் இடம்) திறந்ததும் இரண்டு கிடைத்தன. மூன்றாவதற்கு ஒன்றரை மணி நேரம் தேடல். "போதும் ஐயா, ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் காதில் வாங்காமல் ஹோஸைக் கழற்றி, ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். மறுமுனையிலிருந்து கறுப்பாக ஒன்று பக்கெட்டில் டொப்பென்று விழுந்தது. உதடெல்லாம் அழுக்கு, பல் தெரியச் சிரித்தார்.

அன்று இரவு காற்று திசை மாறியது. அவருடைய நங்கூரம் பிடி விட்டிருக்கிறது. தனி ஆள். ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாராம். நான் ரேடியோவை அணைத்துவிட்டு அசதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிந்தபோது அவர் இருந்த இடம் காலி. இதெல்லாம் மற்ற படகுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

கப்பிக்கயிறு:

என் கதையில் உதவப் போனவன் நான். பாய்மர உச்சியில் விளக்கு மாற்ற நண்பர் ஏறினார், அவரைத் தூக்கும் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் வின்ச்சில், கீழே நான். "இன்னொரு கயிறும் கட்டிடலாமா?" என்று கேட்டார். "பத்து நிமிஷ வேலைதானே" என்றேன்.

அவர் உச்சியில் இருக்கும்போது ஒரு மோட்டார் போட் வேகமாகக் கடந்தது. டெக்கில் எனக்கு லேசான ஆட்டம்தான். மேலே அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசப்பட்டார், இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். ஸ்பேனர் என் கால் பக்கத்தில் விழுந்து டெக்கில் பள்ளம் போட்டது. கயிறு அறுபடவில்லை, யாருக்கும் அடி இல்லை. இறங்கி வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் ரீஃப்:

உப்புக்காற்று, தப்பாக நினைக்காதீர்கள், நங்கூரத்தில் நிற்கும்போது ரேடியோவை அணைப்பது யார் சொல்லிக் கொடுத்தது? அசதி என்பதெல்லாம் காரணமே இல்லை.

எனக்கும் இம்பெல்லர் கதை உண்டு. உதவ வந்தவர் சீகாக்கை (படகின் அடியில் கடல் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் வால்வு) மூடிவிட்டு வேலை செய்தார், திறக்காமல் போய்விட்டார். நான் ஸ்டார்ட் செய்தேன், புது இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியது. அவ்வளவுதான்.

ஆகவே எல்லோருக்கும்: சீகாக்கை மூடினால் இஞ்சின் சாவியை எடுத்து அதன் பிடியிலேயே மாட்டுங்கள், திறக்காமல் சாவி கைக்கு வராது. பழைய இம்பெல்லரைத் தூக்கிப் போடாமல் உடைந்த துண்டுகளை அதோடு பொருத்திப் பாருங்கள், ஒரு துண்டு குறைந்தாலும் அது குழாயில்தான் எங்கோ இருக்கிறது. புதியதில் கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். இறக்கைகள் சுழலும் திசைக்கு ஏற்ப மடங்கியிருக்க வேண்டும். அப்புறம் நங்கூரம். தண்ணீர் ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் கூட்டி, முழுக்கச் சங்கிலியானால் 5 மடங்கு, கயிறானால் 7 மடங்கு விடுங்கள். ஓதத்தில் கடல் மட்டம் ஏறுவதையும் கணக்கில் சேருங்கள், தாழ்வில் போட்டுவிட்டு ஏற்றத்தில் முழிப்பவர்கள் நிறைய. ஜிபிஎஸ்ஸில் நங்கூர அலாரம் வையுங்கள், அதன் சத்தம் தூக்கத்தில் கேட்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஒற்றைப்பாய்:

இறக்கை எந்தப் பக்கம் மடங்கினாலும் முதல் சுற்றிலேயே தானாகத் திரும்பிக்கொள்ளும். இதற்கு ஒரு பாடமா? மனுஷர் மனசு விட்டு எழுதியிருக்கிறார், அவரைப் போய் அதட்டுகிறீர்கள்.

மூன்றாம் ரீஃப்:

திரும்பும். பழையதாகி விறைத்த ரப்பர் திரும்பாது. அதட்டவில்லை, கேட்டேன்.

வெண்கல வால்வு:

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். சிங்க் அடியில் ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தேன், பக்கத்துப் படகு அக்கா டார்ச் பிடித்தார். சீகாக் பிடியைத் திருப்பினேன், பிஸ்கட் மாதிரி உடைந்து முழு வால்வும் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் ரோஜா நிறம். வெண்கலம் என்று நான் நம்பியது பித்தளை. துத்தநாகம் உப்புத் தண்ணீரில் அரித்துப் போய் வெறும் செம்புச் சக்கைதான் மிச்சம் இருந்தது.

ஒரு அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த நேரம் நான் வாயைப் பிளந்து நின்றேன். அக்கா டார்ச்சைப் போட்டுவிட்டு உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்தினார். "மர ஆப்பு எங்க?" ஒவ்வொரு வால்விலும் ஒன்று கட்டித் தொங்கவிட வேண்டிய ஆப்பு, என் படகில் பாய்ப் பைகளுக்கு அடியில் ஒரு டப்பாவில் கிடந்தது. நான் பைகளை இழுத்துப் போட்டுத் தேடும்போது பின்னாலிருந்து அவர் குரல், கத்தக்கூட இல்லை: "மெதுவா தேடு, கை இன்னும் மரத்துப் போகல."

உப்புக்காற்று:

மூன்றாம் ரீஃப் சொன்னது சரிதான், இப்போது ராத்திரியில் அணைப்பதில்லை. சாம்பல் நிற ஹல் (படகின் உடல்), பெரிய பாயில் நீல ஒட்டு, தனியாக ஓட்டும் பெரியவர். யாராவது பார்த்தால் சொல்லுங்கள், அவருடைய 10 மில்லி ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது.